சுரங்கத்தில் முட்டுக் கொடுத்தவர் கட்டிய வீடு

(நமது பகுதி நேர நிருபர்)

பங்காருப்பேட்டை:

கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறையாக லைன் வீட்டில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம், பங்காருப்பேட்டைக்கு வெளியே சொந்த வீடு கட்டி 2024-ஆம் ஆண்டு சித்திரையில் பால் காய்ச்சியது. கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து பால் பொங்கிய நாள் வரையில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் ஓய்வு நாட்களில் அங்கே போய் நின்றவன் என்ற முறையில், கண்டதையும் கேட்டதையும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் எனக்கு டிக்கெட் கவுண்டரில் பழக்கமானவர். ஒயிட்பீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன் வேலை. விடியுமுன் மாரிக்குப்பம் வண்டி பிடித்துப் போய், இரவு எட்டு மணிக்குமேல் திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். திரும்பும் வழியில் எங்கள் ஜங்ஷனில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொள்வார். 2023 மே மாதத்தில் ஒருநாள் பணத்தை நீட்டிக்கொண்டே, "சார், வர்ற வாஸ்து நாள்ல பூமி பூஜை. நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதுறீங்க, வந்து பாருங்க" என்றார்.

வைகாசி 21, ஞாயிற்றுக்கிழமை. என்னால் காலையில் போக முடியவில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவுதான் ஒடிசாவில் பாலசோர் ரயில் விபத்து. விபத்தில் சிக்கிய இரண்டு பயணி வண்டிகளில் ஒன்று பெங்களூரிலிருந்து ஹவுரா போனது. ஜன்னலில் தலை நீட்டிக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு மாலையில் போய்ச் சேர்ந்தபோது, மஞ்சள் பூசிய செங்கல் மூன்றும் வாடிய மாவிலையும் மட்டும் இருந்தன. குழியோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரீஷியனின் தகப்பனார். எழுபத்திரண்டு வயது. நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறார்.

"ரயிலு விழுந்துச்சாமே? எத்தினி பேரு?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "மேல இருக்கிறவனுக்குச் சேதி வர்றதுக்குள்ள கீழ இருக்கிறவன் கதை முடிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது சுரங்கத்தை.

கீழே ஓட்டையான ஊர்

பெரியவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் டிம்பர்மேன். தங்கப் பாறையை வெட்டி எடுத்த இடத்தில் மேற்கூரை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுத்து நிறுத்துவது வேலை. சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது வரையில், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த ஜனங்களே பெரும்பாலும் கீழே இறங்கினார்கள். இவருடைய பாட்டனார் வந்தார், தகப்பனார் வந்தார், இவரும் இறங்கினார். சிலிகோசிஸ் என்னும் கல்தூசி நோய் இவருக்கு மிச்சம்.

குடியிருந்தது லைன் வீடு. ஓர் அறை, முன்னால் தகரத்தில் இறக்கிய ஒரு சார்ப்பு, அதுவே சமையல்கட்டு. குழாய் பொது, கக்கூஸ் பொது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் தங்கவயல் என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். "எங்க வூட்ல நான் சின்னப் பையனா இருக்கச்சே மண்ணெண்ணெய் விளக்குதான்" என்கிறார் பெரியவர்.

அந்த அறையில்தான் மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, மகனுக்குக் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகள் இரண்டும் வந்தன. ராத்திரியில் பொதுக் கக்கூசுக்குப் போக மருமகளுக்குத் துணையாக மாமியார் எழுந்துபோவார். பேத்திக்குப் பன்னிரண்டு வயது முடிந்தபோதுதான் வீட்டுப் பேச்சு சூடுபிடித்தது என்று அம்மையார் என்னிடம் சொன்னார். "எனக்கும் அவளுக்கும் பழகிப்போச்சு. அந்தக் கொயந்தைய எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

தங்கவயலிலேயே, ஆண்டர்சன்பேட்டையில் மனை மலிவாக வந்தது. பெரியவர் ஒப்பவில்லை. சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்தால் மேலே ஊர் ஆடும். 'ஏர் பிளாஸ்ட்' என்று ஜனங்கள் சொல்வார்கள். அலமாரிப் பாத்திரம் உருண்டு விழும். வேலைக்குப் போன புருஷன் திரும்புகிற வரையில் பெண்கள் தெருவில் நிற்பார்கள். "கீழ எங்கெங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எம் பணத்தைக் கொட்ட மாட்டேன்" என்று ஒரே பிடி. சுரங்கம் மூடியபோது கைக்கு வந்த தொகையில் பெண்கள் இருவரின் கல்யாணக் கடன் போக மீந்ததையும், மகனுடைய சேமிப்பையும் சேர்த்து 2011-இல் இங்கே முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வாங்கிப் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அதில் ஆமணக்குச் செடிதான் நின்றது.

யாருக்கு என்ன வேண்டும்?

ராபர்ட்சன்பேட்டையிலுள்ள ஓர் இளம் என்ஜினீயர் படம் போட்டார். முதல் படத்தில் இருபதடி ஹால், அதோடு ஒட்டித் திறந்த சமையலறை, படுக்கையறை இரண்டு. பார்க்க அழகாகவே இருந்தது. அம்மையார் பார்த்துவிட்டு, "இது லைன் வூடுதானே! அடுப்பு இங்க, ஆம்பளைங்க இங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சமையலறைக்குத் தனிக் கதவு வேண்டும், அதிலிருந்து பின்புறம் இறங்க ஒரு வாசல் வேண்டும், துணி துவைக்கக் கல் போட இடம் வேண்டும் என்றார்.

பெரியவருக்கு வேண்டியது காற்று. தம் அறையில் எதிரெதிராக இரண்டு ஜன்னல், பத்தடிக்குப் பதில் பதினோரடி உயரம், கக்கூசுக்கும் அறைக்கும் நடுவில் படி கூடாது. மருமகளுக்குப் பிள்ளைகள் படிக்க ஒரு மூலை. மகனுக்கு வெளிப்புற மாடிப்படி; என்றாவது மேலே ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டால் கடன் அடையும் என்ற கணக்கு.

படம் ஐந்து தடவை மாறிற்று. நாலாவது படத்தில் பெரியவர் அறை பன்னிரண்டடி. மனையடி சாஸ்திரப் புத்தகத்தில் பன்னிரண்டு ஆகாது, பதினொன்று நல்லது என்று அம்மையார் எடுத்துக் காட்டினார். "கீழ ரெண்டு மைலுக்கு எவன் மனையடி பாத்து வெட்டினான்?" என்று பெரியவர் சிரித்தார். ஆனால் அறை பதினோரடியாகத்தான் அமைந்தது. கட்டடம் மொத்தம் 840 சதுர அடி. இப்படிப் பேசிப் பேசி மாற்றியதில் ஒரு மாதம் போயிற்று. காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்தச் செலவில்லை. செங்கல்லில் நகர்த்தினால் தெரியும். இது என் அபிப்பிராயம். வீடு கட்டாத ரயில்வே குவார்ட்டர்ஸ்காரனின் அபிப்பிராயம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

காகித வேலை தனி. கிராமப் பஞ்சாயத்து எல்லை என்பதால் 2013 முதல் இ-சொத்து முறையில் வழங்கிவந்த படிவம் 9-ம் 11-ம் கையில் இருந்தால்தான் அப்போது கடன் பேச்சே எடுக்க முடிந்தது. விவசாய நிலம் குடியிருப்பாக மாற்றப்பட்ட உத்தரவு, வில்லங்கச் சான்று எல்லாம் கேட்டார்கள். வாங்கும்போதே கன்வர்ஷன் ஆன மனையாகப் பார்த்து வாங்கியதால் இவர்கள் தப்பித்தார்கள். விலை குறைவு என்று கன்வர்ஷன் இல்லாத மனை வாங்கி, இன்னும் வேலி மட்டும் போட்டு வைத்திருக்கிற நம்மவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் நிறையப் பேர். கடன் பன்னிரண்டு லட்சம் மஞ்சூராயிற்று. வேலை நடக்க நடக்க நாலு தவணையாகக் கிடைக்கும்.

கல்லும் செங்கல்லும்

சாமான் நம்முடையது, கூலி மட்டும் மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் என்று பேசிக்கொண்டார்கள். இதில் காசு மிச்சம். ஆனால் வீட்டில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை சாமானுக்குக் காவல் இருக்க வேண்டும். பெரியவர் காலை வண்டியில் வந்து, மாலை வண்டியில் சாம்பியனுக்குத் திரும்புவார். கையில் ஒரு குடை, ஒரு தூக்குச் சட்டி, மூச்சுக்கு இழுக்கிற மருந்து.

கடைக்கால் மூன்றடியில் கெட்டி மொரம் தட்டிற்று. நாலடி வரை எடுத்து, ஜல்லிக் காங்கிரீட் போட்டு, அதன்மேல் சைஸ் கல். கருங்கல்லுக்குக் கோலார் ஜில்லாவில் பஞ்சமில்லை. செங்கல் மாலூரிலிருந்து வந்தது. ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர் போன ஊர் மாலூர் என்பது இந்தப் பாதையில் ரயிலேறுகிறவர்களுக்குத் தெரியும். சிமெண்டு பிளாக்கில் கட்டினால் சீக்கிரம் முடியும் என்று மேஸ்திரி சொல்லியும், வெயிலுக்குச் செங்கல்தான் தணிவு என்று வெளிச்சுவர் மட்டும் ஒன்பது அங்குலச் செங்கல்லில் எழுப்பினார்கள்.

முதல் லோடு இறங்கியதும் பெரியவர் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். மணிபோல் ஓசை வந்தால் வெந்த கல். இடுப்புயரத்திலிருந்து ஒன்றைத் தரையில் போட்டார், உடையவில்லை. என்ஜினீயர் ஒரு கல்லைத் தராசில் நிறுத்து, ஒரு பகலும் இரவும் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி நிறுத்தார். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் தண்ணீர் குடித்தால் அது வீட்டுக்கு ஆகாத கல்லாம். குடிக்கவில்லை. இரண்டாவது லோடில் மூன்றில் ஒரு பங்கு மங்கிய கல். லாரி டிரைவரோடு பெரிய சண்டை போட்டு, அம்மட்டும் திருப்பி அனுப்பினார் மருமகள்.

அந்த மருமகளைப்பற்றிச் சொல்லவேண்டும். நீளமான கணக்கு நோட்டு ஒன்று போட்டு, டீ, பன் 140 ரூபாய் உள்பட அன்றன்றைக்கு எழுதினார். "மேஸ்திரி அண்ணா, போன வாரம் அஞ்சு சித்தாள்னு கூலி வாங்கினீங்க. செவ்வாக்கிழமை நாலு பேருதான் வந்தாங்க" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். மேஸ்திரி தலையைச் சொறிவார். பி.யூ.சி. வரை படித்தவர். கணக்கில் என்னை மிஞ்சியவர்.

மணல்தான் பெரியவருக்கு மனத்தாங்கல். ஆற்று மணல் இல்லை. கல்லை அரைத்த எம்-சாண்ட். பாலாறு இந்த ஜில்லா வழியாகத்தான் பேத்தமங்கலம் போய், தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. அம்மையார் பிறந்தது வாணியம்பாடி, அதே பாலாற்றங்கரை. "எங்கூர்ல ஆத்து மணல்ல விளையாடினோம். இப்ப கல்லை அரைச்சு மணல்ங்கறாங்க" என்றார். எம்-சாண்டில் மாவு அதிகமாக இல்லாமல் கழுவினதா என்று பார்த்து வாங்கினால் குற்றமில்லை என்பது என்ஜினீயர் கட்சி.

ஆவணியில் வாசக்கால். நிலைக்கு வேப்ப மரம். வாணியம்பாடியில் அம்மையாருடைய தம்பி, தம் கொல்லையில் நின்ற மரத்தை அறுத்து உலரவைத்து, தாய்மாமன் சீராக மினிலாரியில் கொண்டுவந்தார். வேம்பைக் கரையான் அண்டாது. நிலைக்கு மஞ்சள் துணி கட்டி, அடியில் நவதானியமும் ஒரு குண்டுமணிப் பொன்னும் வைத்தார்கள். பொன்னைப் பெரியவர் கையில் கொடுத்து வைக்கச் சொன்னார் புரோகிதர். அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "முப்பது வருசம் கீழ போயிட்டு வந்தேன். பொன்னுன்னு கையால தொட்டது இவளுக்குத் தாலி வாங்கினப்பதான்" என்றார். நிலை நின்றது.

தளம் போடும் நாள்

ஐப்பசி முதல் வாரம், அக்டோபர் 20 வெள்ளிக்கிழமை தளம் போடுவதென்று ஏற்பாடு. மிக்ஸர் மெஷின் பேசியாயிற்று. ராய்ச்சூர் பக்கத்து ஆட்கள் முப்பது பேர் வருவதாகச் சொல்லியாயிற்று. தொண்ணூறு மூட்டை சிமெண்டு இறங்கியாயிற்று. ஆட்டுக்கறிக்கு அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. தளம் போடுகிற அன்று வேலையாட்களுக்குப் பிரியாணி போடாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. திங்கட்கிழமை ஆயுத பூஜை. அதற்குமுன் முடிக்காவிட்டால் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

வியாழன் மாலை நான் போனபோது சென்ட்ரிங் முடிந்து, கம்பி கட்டி, கவர் பிளாக் வைத்து எல்லாம் தயார். பெரியவர் மட்டும் குனிந்து தளத்துக்கு அடியில் நுழைந்தார். சென்ட்ரிங் பலகையைத் தாங்கி நின்ற நீலகிரி மரக் கால்களை ஒவ்வொன்றாகக் கைத்தடியால் தட்டிக்கொண்டே போனார். தட்டுவார், காது கொடுப்பார், அடுத்ததற்குப் போவார். ஹாலில் நடுவரிசைக்கு வந்ததும் நின்றார். "மேஸ்திரி, இங்க வா."

மேஸ்திரி வந்தார்.

"இந்தக் காலு எது மேல நிக்குது?"

"தரை மேலதான் பெரியவரே."

"தரையா இது? நீ போன மாசம் கொட்டின மண்ணு."

கடைக்காலுக்கு நடுவே குழியை மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். மேலாக இடித்திருந்தார்கள், அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்கவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் லாரிக்கு 600 ரூபாய் என்பதால் அந்த இடத்தில் மிச்சம் பிடித்திருந்தார்கள். கால்களுக்கு அடியில் பலகையும் இல்லை.

"இருபது வீடு இப்படித்தான் போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகலே. ஆளுங்க நாளைக்கு வந்துடுவாங்க" என்று மேஸ்திரி கொஞ்சம் கோபமாகவே சொன்னார். மகன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பெரியவர் பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்த டிரம்மிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் மொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு காலின் அடியில் மெதுவாக ஊற்றினார். இன்னொரு பக்கெட். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் கரைந்து உள்வாங்கி, காலுக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விழுந்தது. கால் தொங்கிற்று.

மறுநாள் மேலே ஏறப்போவது பத்து கன மீட்டருக்கு மேற்பட்ட ஈரக் காங்கிரீட், அதாவது இருபத்தைந்து டன் பாரம். அதோடு முப்பது ஆட்கள். காங்கிரீட் தண்ணீர் கீழே சொட்டாமல் இருக்காது.

மேஸ்திரி எதுவும் சொல்லாமல் வெளியே போய் பீடி பற்றவைத்தார். பெரியவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இறைத்தது. "எனக்குக் கீழ வேலை சொல்லிக்குடுத்தவரு ஒரு மலையாளி. மரத்தைப் பாக்காதே, மரம் எதும்மேல நிக்குதுன்னு பாருன்னுவாரு" என்று மட்டும் சொன்னார்.

தளம் நின்றது. நின்றதில் நஷ்டம் என்ன என்பது கணக்கு நோட்டில் இருக்கிறது: மெஷினுக்கு அட்வான்ஸ் 3,000 போயிற்று, சென்ட்ரிங் பலகைக்கு ஆறு நாள் கூடுதல் வாடகை, தண்ணீர் இரண்டு லாரி. ஹால் முழுவதும் தண்ணீர் கட்டி மண்ணை இறங்கவிட்டு, மறுபடி நிரப்பி இடித்து, எல்லாக் காலுக்கும் அடியில் பலகை போட்டார்கள். மேஸ்திரியே முன்னின்று செய்தார் என்பதைச் சொல்லவேண்டும். ஆயுத பூஜை முடிந்து 26-ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கி மாலை நாலு மணிக்குள் தளம் முடிந்தது. பெரியவர் எட்டு மணி நேரமும் அடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலும் அசையவில்லை. பிரியாணிக்கு முதல் தட்டு மேஸ்திரி கையால் பெரியவருக்கு வந்தது.

தண்ணீரும் தவணையும்

தளத்தின்மேல் பாத்தி கட்டி மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்த ஒரு லாரி பிடித்தது, ஆறாயிரம் லிட்டர். காய்வதை ஈடுகட்ட மேலும் மூன்று லாரி. பக்கத்து மனைக்காரர் ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டு வெறும் புழுதி கண்டவர். 2018 முதல் பெங்களூர்க் கழிவு நீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் விடுகிற கே.சி. வேலி திட்டத்தால் ரயிலில் போகும்போது சில ஏரிகளில் தண்ணீர் தெரிகிறது. குழாயில் தெரியவில்லை. துணி அலசின தண்ணீரை மேலே ஊற்றலாமா என்று அம்மையார் கேட்டார். சோப்புத் தண்ணீர் கூடாது என்று என்ஜினீயர் தடுத்துவிட்டார். கோணிப்பையை நனைத்துப் போட்டு, இருந்த தண்ணீரை இரண்டு வாரத்துக்கு நீட்டினார்கள்.

பிறகு வேலை நின்றது. மூன்றாவது தவணை வரவில்லை. தளம் முடிந்ததை வந்து பார்க்கவேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போய், புதியவர் வர நாற்பது நாளுக்குமேல் ஆயிற்று. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். மருமகள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மார்கழிப் பனியில் பெரியவருக்கு மூச்சுத் திணறல் முற்றி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு கையைக் காட்டி என்னமோ கேட்டார். மகன் குனிந்து, "வந்துடுச்சு நைனா. ரெண்டு ஜன்னலும் வந்துடுச்சு" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "வரல சார். ஆர்டரே குடுக்கல" என்றார்.

தை பிறந்து தவணை வந்தது. முதலில் பெரியவர் அறை ஜன்னல்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சு, ஒயரிங், குழாய் எல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல நடந்தன. ஒயரிங் மகனே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து கூலி மிச்சம் பிடித்தார். டைல்ஸுக்கு ஒதுக்கிய பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அப்போது அம்மையார், "எனக்கு டைல்ஸ் வாணாம்பா. செவப்புத் தரை போடு" என்றார். இளம் வயதில் அவர் ஒரு துரை பங்களாவில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ரெட் ஆக்சைடு தரை. தினமும் துடைத்துத் துடைத்து முகம் தெரியுமாம். அந்த வேலை தெரிந்த கிழட்டுக் கொத்தனார் ஒருவரை உரிகத்தில் தேடிப் பிடித்தார்கள். சிமெண்டோடு சிவப்புப் பொடி கலந்து, ஒரே மூச்சில் இழுத்து, கரணையால் மெருகேற்றி, ஒரு வாரம் தண்ணீர் கட்டி, கடைசியில் தேங்காயெண்ணெய் தேய்த்தார். நடுவில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும் என்று மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. 2024 மார்ச்சில், பெங்களூரே தண்ணீருக்கு அலைந்த மாதம் அது. லாரி 1,000 ரூபாய்க்கு ஏறியிருந்தது. ஆனாலும் தரைக்கு டைல்ஸைவிடக் குறைவாகவே ஆயிற்று.

மதிப்பு போட்டது பதினைந்தரை லட்சம். நோட்டில் கடைசிக் கூட்டல் 17 லட்சத்து 82 ஆயிரம்.

குடி போனபின்

ஏப்ரல் கடைசி வாரம், பார்லிமெண்டுத் தேர்தலுக்கு இங்கே ஓட்டுப்பதிவு முடிந்த சில நாட்களில் கிரகப் பிரவேசம். சாம்பியன் லைனிலிருந்து இரண்டு வேன் நிறைய ஜனங்கள் வந்திருந்தார்கள். பெண்கள் ஹாலைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள். ஆனால் கூட்டம் கூடி நின்றது கக்கூஸ் வாசலில். ஒரு வயதான அம்மாள் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி தன் தோழிகளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் காட்டினாள்.

பெரியவர் தம் அறையில் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்து நடுவில் கட்டில் போட்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிற்று. "இங்க படுத்தா இருமல் கம்மி" என்றார். மகன் அப்படி ஒன்றும் கம்மி இல்லை என்று தலையை ஆட்டினார்.

லைன் வீட்டை அவர்கள் இன்னும் விடவில்லை. விட முடியாது. அந்த வீடுகளைத் தொழிலாளிகளுக்கே எழுதித் தரவேண்டும் என்ற கோரிக்கை வெகுகாலமாக இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு உரிமை பேச முடியுமா என்று பயம். ஆகவே வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், பெரியவர் போய்த் திறந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருகிறார். கொரோனாவுக்குப்பின் முப்பது ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியில் மறுபடி பத்து ரூபாயாகிவிட்டது அவருக்கு ஒரு சௌகரியம். 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் சலுகைதான் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை என்னிடம் கேட்பார், நானும் இல்லை என்பேன். "சாம்பியனுக்கு ஒண்ணு குடு. திரும்பி வர்றதுக்கும் சேத்து" என்று இருபது ரூபாயை உள்ளே தள்ளுவார்.

சங்கிலி அடகிலிருந்து மீண்டுவிட்டது. காம்பவுண்டுச் சுவர் பாக்கி. வெளிப்புற மாடிப்படி முடிந்துவிட்டது; கைப்பிடிக் கம்பி இன்னும் வைக்கவில்லை. அது வருகிற வரையில் பேரன் ஏறக்கூடாதென்று, முதல் படியின் குறுக்கே ஒரு நீலகிரி மரத்தைக் கட்டி வைத்திருக்கிறார் பெரியவர்.